அரைப்பேர்

பழைய செக்ரோல்களை எரிக்கச் சொல்லிக்
கம்பனி கடிதம் போட்டிருந்தது.
எரிப்பதற்கு முன் புரட்டினேன், கெட்ட பழக்கம்.
கரையான் ஓரம் தின்ற 1913, மாசி மாதம்,
ஊசிமலைத் தோட்டம், மேற்பிரிவு:
ஒச்சம்மா. பதினொன்றாந் தேதி. அரைப்பேர்.
காரணம்: வேலைத்தலத்தில் இல்லை.

சரிதான்.
அப்போது அவள் தேயிலைக்கு மேலே
ஒன்பதடி உயரத்தில் இருந்தாள்.

மீதியை அப்புஹாமி பாஸ் எழுதி வைத்திருக்கிறார்
தொழிற்சாலைப் பேரேட்டில்,
ஆமணக்கெண்ணெய்க் கணக்குக்கும் பெல்ட் கணக்குக்கும் நடுவே,
உருண்டை உருண்டையான சிங்களத்தில்.
டீமேக்கர் சமிந்த வாசித்துச் சொன்னார்.
என் பிளேன்ரீ ஆறிப்போனது.

நானுஓயா ஸ்டேஷனில் ஏழு பெட்டிகள் இறங்கின.
ஏழாவது நனைந்திருந்தது,
இறக்கைத் துணி முழுக்கப் பூஞ்சணம்.
சீமைக்கு எழுதிப் பதில் வர நாலு மாதம்.
பென்ரோஸ் தொரை தலையில் கை வைத்தார்.
பாஸ் அண்ணாந்து பார்த்தார்:
மாடி நிறையக் கொழுந்து வாட்டும் சாக்குத்துணி.

தைக்க ஆள் கேட்டார்கள்.
கம்பளிக்கு ஒட்டுப்போடும் கை என்று
பெரிய கங்காணி ஒச்சம்மாவை அனுப்பினார்.
எட்டு நாள் தைத்தாள்.
எட்டு நாளும் பேர் விழுந்திருக்கிறது, சரிபார்த்தேன்.

துணி விறைக்க வேண்டும் என்றார் பாஸ்.
அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பூசினாள்.
எலி வந்தது.
அடுத்த பூச்சில் வேப்பெண்ணெய் கலந்தாள்.
விரலால் சுண்டினால்
தப்பு மாதிரிச் சத்தம் வந்ததாம் இறக்கை.

ஆறாயிரம் அடியில் காற்று மெலிவு.
தொரை மெலியவில்லை.
கொழுந்துத் தராசில் ஏறி நின்றார்,
நூற்றுத் தொண்ணூற்றாறு ராத்தல்.
கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில்
கூடைக்கென்று இரண்டு ராத்தல் கழித்து எழுதினார்.
மூன்று தடவை புல்மலையில் ஓட்டினார் தொரை,
மூன்று தடவையும் கடைசிக் கானில் மூக்குக் குத்தியது.

பதினொன்றாந் தேதி தொரை பதுளைக்குப் போயிருந்தார்.
எஞ்சினை மட்டும் பார்க்கத்தான் பாஸ் உட்கார்ந்தார்.
வால் பிடிக்க நாலு பேர்.
பள்ளத்திலிருந்து காற்று ஏறியது.
மூன்று பேர் விட்டுவிட்டார்கள்.

ஒச்சம்மா விடவில்லை.
ஏன் என்று பேரேட்டில் இல்லை.
பயந்திருக்கலாம்.
வலப்பக்கத் தையல் பிரிவதைப் பார்த்து
கையால் அமுக்கிக்கொண்டே ஓடியிருக்கலாம்,
தரை தீர்ந்தது தெரியாமல்.
வாலில் எண்பத்திரண்டு ராத்தல் தொங்கியதால்தான்
மூக்கு நிமிர்ந்தது என்கிறார் பாஸ்,
அம்புக்குறி வரைந்து, இரண்டு முறை கூட்டி.

பதினான்கு தேயிலை வரிசை.
பதினைந்தாவதில் வாது காலைத் தட்டியது,
பிறகு எல்லாம் செடிமேல்.
பாஸுக்கு இரண்டு விலா.
அவளுக்கு முழங்கைச் சிராய்ப்பு, ஒரு தண்டை காணோம்.
எழுந்து நின்று அவள் சொன்னதை மட்டும்
சிங்கள எழுத்தில் தமிழாகவே வைத்திருக்கிறார்:
மேல குளுரு.

கண்டிப் பத்திரிகையில் இரண்டு வரி வந்ததாம்.
பென்ரோஸ் என்பாரின் இயந்திரம்
ஆளில்லாமல் தானே கிளம்பிச் சேதமடைந்தது.

எஞ்சின் ரோலர் சுற்றப் போனது.
சாக்கு மறுபடி மாடிக்கு ஏறியது.
அந்த மாதத் தூளில் வேப்பெண்ணெய் வாடை,
கொழும்பில் ராத்தலுக்கு மூன்று சதம் இறக்கம்.
அதற்கும் ஒரு விசாரணை நடந்திருக்கிறது, நான்கு பக்கம்.

புத்தகங்கள் எரிந்து முடிந்தன.
1913 ஈரம், பற்ற நேரமெடுத்தது.

இன்று காலைப் பெரட்டில்
மூன்று பேருக்கு அரைப்பேர் போட்டேன்.
ஒருத்தியை நிறுத்தி
நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.
இருபத்தியிரண்டு வருஷத்தில் முதல் தடவை.
அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.
லிந்துலையில், தோடு அடகு வைக்க, என்றாள்.
எழுதிக்கொண்டேன்.